கவுல் முதல் ராம்சர் வரை: வேடந்தாங்கல் ஏரிக் காப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல், இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் வரலாறு பெரும்பாலும் பறவைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனைப் பாசன ஏரி ஒன்றின் வரலாறாக அணுகுகிறது. ஊர் வழக்கம், குழுமக் கால ஆவணம், தற்காலச் சட்டம் என்னும் மூன்று நிலைகளில் ஏரியின் மீதான உரிமையும் பொறுப்பும் எவ்வாறு கைமாறின என்பதை ஆராய்கிறது. உரிமையும் பராமரிப்பும் ஒரே கையில் இருந்த நிலை சிதைந்ததே இன்றைய சிக்கல்களின் வேர் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வேடந்தாங்கல், தாங்கல், கவுல், குடிமராமத்து, ஈரநிலம், ராம்சர்.

முன்னுரை

தமிழகத்தின் வடகிழக்குப் பகுதியில் வற்றாத ஆறுகள் இல்லை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கி வைத்தே வேளாண்மை நடந்தது. ஆகவே தொண்டை மண்டலத்தின் ஈரநிலங்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் கரை எழுப்பி உருவாக்கிய ஏரிகளாகும். கரையும் மதகும் கலங்கும் வரத்துக்காலும் ஆண்டுதோறும் பேணப்படாவிடில் ஏரி நிலைக்காது. ஏரி நிலைக்காவிடில் அதனைச் சார்ந்த பறவையும் மீனும் நிலைக்கா. இவ்வகை ஈரநிலத்தின் சூழலியல் வரலாற்றை அதன் நிர்வாக வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

ஊர்ப்பெயரும் நீர்நிலையும்

வேடர் தங்கிய இடமாதலால் வேடந்தாங்கல் எனப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். பறவை வேட்டையோடு பொருந்துவதால் இவ்விளக்கம் எளிதில் ஏற்கப்பட்டது. ஆயினும் ‘தாங்கல்’ என்னும் சொல் நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைக் குறிக்கும் பாசன வழக்காகும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களும் இதே ஈற்றைக் கொண்டுள்ளன. இவ்வகையில் நோக்கின், முன்னொட்டு எதனைக் குறிப்பினும், ஊர் தன் ஏரியின் பெயரையே தாங்கி நிற்கிறது எனலாம். பறவைப் புகழுக்கு முன்னரே ஏரி அவ்வூரின் அடையாளமாக இருந்தது என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாகிறது.

ஏரிக்கெனத் தனிப் பொறுப்பாளரை அமர்த்தும் மரபும் இவ்வட்டாரத்தில் பழமையானது. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோரை வாரியங்களுக்குப் பகிர்ந்தளித்தமையைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியத்திற்கு அறுவர் உரியர். ஏரிப்பட்டி என ஏரிப் பராமரிப்புக்கு நிலம் ஒதுக்கும் வழக்கமும் கல்வெட்டுகளால் அறியப்படுகிறது. வாரியம் பொறுப்பையும், ஏரிப்பட்டி அப்பொறுப்பை நிறைவேற்றும் வருவாயையும் தந்தன.

கவுல் வழங்கப்பட்ட சூழல்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர்ப் போர்களால் செங்கல்பட்டுப் பகுதி பெரிதும் அழிவுற்றது. ஏரிகள் பலவும் பழுதுபட்டன. கிழக்கிந்தியக் குழுமத்தின் ஜாகீராக இருந்த அப்பகுதிக்கு 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்தவர் லயோனல் பிளேஸ். ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் காட்டிய ஊக்கம் மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கோயில் மரபிலும் நினைவுகூரப்படுகிறது. வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கவுல் வழங்கியவரும் அவரே. வெள்ளைப் படையினர் பறவைகளைச் சுட்டதால் ஊரார் முறையிட்டனர் என்பது செவிவழிச் செய்தி.

ஊரார் முறையிட்டமைக்குப் பொருளியல் அடிப்படை உண்டு. பருவமழைக்குப் பின் ஏரியிலுள்ள நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா முதலியன கூடமைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சேர்க்கிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பறவைக் காப்பு, ஊரார்க்கு உரமேறிய நீரைக் காத்தலே ஆகும். அருளுணர்வும் பயனும் இங்கு முரண்படவில்லை. திருநெல்வேலிப் பகுதியின் கூந்தன்குளத்திலும் இத்தகைய உறவு காணப்படுகிறது.

எனினும் ‘ஊர்’ என்பதனை ஒருமித்த ஒன்றாகக் கொள்ளலாகாது. செங்கல்பட்டுப் பகுதியில் நிலவுரிமை மிராசுதாரரிடம் இருந்தது. உழைப்போ பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்களுடையது. உரமேறிய நீரின் பயன் நிலமுடையோர்க்கே மிகுதியாகச் சென்றிருக்கும். ஊர் வழக்கத்தை மீட்க வேண்டும் என்னும் இன்றைய குரல்கள் இவ்வேறுபாட்டையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

1858: ஓராண்டு, இரு ஆவணங்கள்

முதற் கவுல் தொலைந்துபோனமையால், 1858இல் ஊராரின் உரிமை மீண்டும் எழுத்து வடிவில் உறுதிசெய்யப்பட்டது. அதே 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கரை உடையும் நெருக்கடியில் ஊராரைப் பணிக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்துப் பணியைச் செய்யத் தவறியோரிடம் பணம் தண்டவும் அச்சட்டம் வழிசெய்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். இரண்டும் ஊர் வழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றில் வழக்கம் உரிமையாக ஏற்கப்பட்டது. மற்றதில் தண்டனைக்குரிய கடமையாக மாற்றப்பட்டது. வருவாயை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் ஊராரிடம் கோரிய நிலையில், குடிமராமத்து தளர்ந்தது வியப்புக்குரியதன்று. 1876-78 பெரும் பஞ்சத்திற்குப் பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதனால் ஏரிகளை அளவிடுதலும் செப்பனிடுதலும் பொறியாளர் பணியாயின. ஏரியைப் பற்றிய அறிவு நீர்க்கட்டியின் நினைவிலிருந்து அலுவலகக் கோப்புக்குப் பெயர்ந்தது. கொள்ளளவும் கலங்கின் உயரமும் கோப்பில் இடம்பெற்றன, பறவை இடம்பெறவில்லை.

சரணாலயமும் எல்லையும்

1936இல் வேடந்தாங்கல் சரணாலயமாக அரசின் ஏற்பைப் பெற்றது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் காப்புப் பொறுப்பு வனத்துறையிடம் உறுதிப்பட்டது. இதனால் வேட்டைக்கெதிரான காவல் வலுப்பெற்றது. ஆனால் ஊர் தன் ஏரிக்காவலர் என்னும் நிலையிலிருந்து பாசனப் பயனாளர் என்னும் நிலைக்குச் சுருங்கியது.

கூடு வேடந்தாங்கலில் இருப்பினும் இரை அங்கு மட்டும் கிடைப்பதில்லை. சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இரைதேடியே பறவைகள் குஞ்சுகளை வளர்க்கின்றன. ஆகவே ஓர் ஏரிக்கரையைக் காப்பின் எல்லையாகக் கொள்வது பொருந்தாது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்திலுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டமை இவ்வகையில் முதன்மையானது. அவ்வெல்லையைத் திருத்தி 3 கி.மீ. அளவில் மையப் பகுதியை வரையறுக்கும் முன்மொழிவு 2020இல் பொதுவெளிக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தாங்கலை மட்டும் காத்தால் போதுமா, தாங்கலுக்கு இரை தரும் நிலப்பரப்பையும் காக்க வேண்டுமா என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள்.

சீரமைப்பிலும் இத்தகைய முரண் உண்டு. தூர்வாருதல் பாசனத்திற்கு இன்றியமையாதது. ஆனால் சீராக ஆழப்படுத்திய ஏரியில், நின்று இரைதேடும் நாரைகளுக்குரிய ஆழமற்ற விளிம்பு இராது. மண்ணகற்றுகையில் கூடுதாங்கும் மரங்களின் வேர் சேதமுற்றால் பயன் இழப்பாக மாறும். கன அளவால் மட்டும் அளக்கப்படும் சீரமைப்பு ஏரியை நீர்த்தொட்டியாகவே காண்கிறது. பறவைக் கணக்கெடுப்பு, நீர்த்தரம், நீர்ப்பரப்பின் பருவ மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்து நோக்கும் கண்காணிப்பே அதனை ஈரநிலமாகக் காணும்.

முடிவுரை

2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான அவ்வுடன்படிக்கை, ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டை வலியுறுத்துகிறது. பயன்படுத்துவோரே காப்பாளராகவும் விளங்கும் இக்கருத்தின் ஒரு வடிவத்தைப் பிளேசின் கவுல் முன்னரே ஏற்றிருந்தது. கவுலுக்கும் ராம்சருக்கும் இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் உரிமை ஆவணத்திலும், உழைப்பு சட்டத்திலும், அறிவு கோப்பிலும், காவல் துறையிலுமாகப் பிரிந்து சென்றன. 2017இல் குடிமராமத்து என்னும் பெயர் அரசுத் திட்டமாக மீண்டும் வழக்கிற்கு வந்தது. ஆனால் பெயரை மீட்பது மட்டும் போதாது. ஏரியின் வருவாயில் ஒரு பங்கும், முடிவெடுப்பதில் இடமும், நிலமற்றோர் உள்ளிட்ட ஊரார் அனைவர்க்கும் கிடைக்கும்போதே வழக்கம் மீண்டதாகக் கொள்ள இயலும். வேடந்தாங்கலின் வரலாறு உணர்த்துவது இதுவே.