ஒரு "டொக் டொக்" சத்தத்தின் வரலாறு

நண்பனின் பழைய பைக் மேம்பாலம் ஏறும்போது மட்டும் "டொக்... டொக்..." என்று சத்தம் போட்டது. விலை உயர்ந்த ஆயிலாக ஊற்றலாம் என்று கிளம்பினோம். மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "சும்மா நிக்கிறப்பவும் வருதா, ஏத்தத்துல மட்டுமா?"

ஆயில் குறைந்து பேரிங் தேய்ந்தால் வரும் சத்தம் வேறு. பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி எரிவதால் வரும் சத்தம் வேறு. முதலாவதற்கு ஆயில் அளவையும் கிரேடையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் பெட்ரோலையும் ஸ்பார்க் டைமிங்கையும் பார்க்க வேண்டும். இதுதான் "நாக்கிங்". இதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை நண்பர்களே!

1912இல் காடிலாக் கார்களுக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் தந்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். நாக்கிங் சத்தத்துக்கு அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பலர் பழி போட்டார்கள். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலை 1916இல் தாமஸ் மிட்க்லி என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும் விதத்தை அளந்து பார்த்தார். குற்றவாளி இக்னிஷன் அல்ல, எரிபொருள்! ஸ்பார்க்கின் சுடர் பரவி வந்து சேருமுன், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கிறது. அதுதான் அந்த "டொக்".

மருந்து தேடிய கதை இன்னும் சுவையானது. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் சரியாகும் என்று ஊகித்து, கையில் கிடைத்த அயோடினைக் கலந்தார். சத்தம் குறைந்தது! ஆனால் மற்ற சிவப்புச் சாயங்கள் பலிக்கவில்லை. வேலை செய்தது நிறம் அல்ல, வேதிப்பொருள். பல பொருட்களைச் சோதித்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தில் வந்து நின்றார். ஒரு காலனுக்கு 3 மில்லி அளவே போதும்.

ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை அதிக அளவில் கலக்க வேண்டும், யாரும் தயாரிக்கலாம், காப்புரிமை லாபம் இல்லை. ஈயம் வென்றது. 1923இல் விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் "எத்தில்". பெயரில் ஈயம் இல்லை!

1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் புத்தி பேதலித்தார்கள், 5 பேர் இறந்தார்கள். மிட்க்லி நிருபர்கள் முன்னால் அதே திரவத்தில் கை கழுவி, மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். 1923இல் அவரே ஈய நச்சுக்காக ஓய்வெடுத்தவர் என்பதுதான் வேதனை.

பிறகு உலகமே அந்தப் புகையைச் சுவாசித்தது. பூமியின் வயதைக் கணித்த கிளேர் பாட்டர்சன், ஈய மாசு பற்றி 1965இல் எச்சரித்தார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுப்பதும் பின்னர் உறுதியானது. இந்தியா 2000இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. கார்களுக்கு அதைக் கடைசியாக விற்ற அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அன்று ஒதுக்கப்பட்ட ஆல்கஹாலோ, 2025இல் இந்தியப் பெட்ரோலில் 20 சதவீதம்!

மிட்க்லி நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். மருந்தைத் தேர்ந்தெடுத்தது லாபக் கணக்கு. மெக்கானிக் அண்ணன் எங்கள் பைக்குக்கு விலை உயர்ந்த ஆயிலை விற்காமல் டைமிங்கைச் சரிசெய்து அனுப்பினாரே, அந்த நேர்மையின் மதிப்பு இப்போதுதான் புரிகிறது.