மும்மொழிக் கல்லும் பேசும் இயந்திரமும்

புதுக்கடைக்கு வரும்போதெல்லாம் கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் போய்வருவது, கிராமத்தில் சரித்திரம் படிப்பிக்கும் எனது வழக்கம். 1877இல் திறக்கப்பட்ட அக்கட்டிடத்தைக் கட்டியவர் நம்மவரான அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார்.

அங்குள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு 1409இல் சீனாவில் பொறிக்கப்பட்டது. கொண்டு வந்தவர் கடற்படைத் தளபதி செங் ஹோ, பிறப்பால் முஸ்லிம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அவரவர் மொழியில் அவரவரோடு பேசிய கல் அது. 1911இல்தான் காலியில் கண்டெடுக்கப்பட்டது.

அந்தப் பணியை இன்று செயற்கை நுண்ணறிவு தொடரலாம். கைத்தொலைபேசியில் படமெடுத்தால் ஆங்கில விளக்கப் பலகையைத் தமிழில் வாசித்துக் காட்டும். பார்வையற்ற பிள்ளைக்குப் பொருளின் வடிவத்தை எடுத்துச் சொல்லும். வரவேற்போம்.

ஆனால், கல்லின் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடத்தில் அறிஞர் தயங்குவார். இயந்திரமோ பொருத்தமான சொல்லை ஊகித்து, கண்ணால் வாசித்ததுபோல் சொல்லிவிடக்கூடும். இந்நாட்டில் நமது முன்னோர் பற்றிய கல்வெட்டுச் சான்றுகள் சொற்பம். அவற்றிலும் ஊகம் கலந்தால் நாளை எதைக் காட்டி வாதாடுவோம்?

எனவே தமிழும் பாரசீகமும் அறிந்தோர் சரிபார்த்த வாசகத்தையே இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அழிந்த எழுத்தை அழிந்தது என்று சொல்லவும் அதற்குப் படிப்பிக்க வேண்டும்.