லயம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் 'லயம் எங்கே?' என்று கேட்டால் யாரும் தாளத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். மலைச்சரிவில் ஒட்டிக் கட்டிய தகரக்கூரை வீடுகளைக் கைகாட்டுவார்கள். ஆங்கில 'லைன்' நம் நாவில் லயனாகி, லயமாயிற்று. முதுகோடு முதுகு ஒட்டியது இரட்டை லயம். உள்ளே ஓர் அறை, 'லயக் காம்பரா'. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். லயம் என்ற சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அது கோபத்தில் பிறந்த விளக்கம், கோபம் நியாயமானதுதான்.

இசையின் லயத்துக்கு வேர் வேறு. வடமொழி 'லீ': ஒட்டுதல், கரைதல். விளம்பம், மத்திமம், துரிதம் என்பன அதன் நடைகள். வேடிக்கை என்னவென்றால், உறைவிடமான 'ஆலய'மும் இதே வேர்தான்.

கட்டடத்துக்கும் இசைக்கும் ஒரே சொல் ஐரோப்பாவிலும் உண்டு. சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த அலங்காரம் பிரெஞ்சில் 'ரொக்காய்'. அதிலிருந்து கேலியாகப் பிறந்த 'ரொக்கோகோ', 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளின் நெளிவுச் சுவர்களுக்குப் பெயரானது. பின்னர் அக்கால இசைக்கும் ஒட்டிக்கொண்டது. பிரான்சுவா கூப்ரான் 1713இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்ட் நூலில் சுர அலங்காரங்களுக்கென்றே ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. அங்கே சுவரும் சுரமும் ஒன்றையொன்று பார்த்து நெளிந்தன. இங்கே இரண்டு லயங்களும் உறவில்லாமல் ஒலியால் மட்டும் ஒன்றானவை. லயத்துச் சுவரில் நெளிவுக்கு ஏது இடம்?

ஆனாலும் லயத்திலும் தாளம் உண்டு. விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்டும் கூட்டத்துக்கு, கூப்பிட்டது தப்பு என்ற பறையின் ஒலிதான். மாசியில் காமன் பொட்டலில் காமன் கூத்துக்கு முழங்குவதும் அதே தப்பு.