மதுரைக்கு எழுதிக் கொடுத்த காலம்

திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரைப் பக்கம் பெரியவர்கள் பழைய ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பேசினால், "மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சு வராமல் இருக்காது. இராமநாதபுரத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். எலும்பு முறிவுக்காரர் வலியோடாவது போய்ச் சேர்ந்துவிடுவார். தொண்டை அடைத்துப்போனவருக்கு அந்த அவகாசம் இல்லை. மூச்சு முழுதாக நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அதனால்தான் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் கதையை கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமி என்ற ஒரே அறுவையை வைத்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராமேஸ்வரம் தீவுக்கு 1914இல் ரயில் பாலம் வந்துவிட்டது. சாலைப் பாலம் திறந்ததோ 1988 அக்டோபர் 2ஆம் தேதி. அதுவரை தீவிலிருந்து நோயாளியை ரயிலிலோ படகிலோதான் கொண்டுவர வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் பகுதியின் சிக்கலான கேஸ்களுக்கு மதுரையே கதி. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2012இல் சிவகங்கையில் மருத்துவக் கல்லூரி அமைந்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று. திருப்புல்லாணிக்காரருக்குக் கல்லூரி மருத்துவமனை சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது.

டிரக்கியாஸ்டமியை ஒரு காலத்தில் அதிகம் செய்ய வைத்தது தொண்டை அடைப்பான். குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் த்ரூசோ என்ற மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார். பிழைத்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. விட்டிருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள் என்பதால் அதையே பெரிதாக எண்ணினார்கள். இந்தியாவில் 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985இல் அனைவருக்குமான திட்டமும், 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் வந்தன. தொண்டை அடைப்பான் வெகுவாகக் குறைந்தது. இன்று குழாய் வைக்க வேண்டிய நிலையில் வருபவர்கள் வேறு: கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர், பக்கவாதக்காரர், பூச்சிமருந்து குடித்தவர், தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர், குரல்வளையில் புற்றுநோய் வந்தவர்.

அடைப்பு ஒன்றுமில்லாத தொண்டையிலும் துளையிடலாம் என்று உலகுக்குக் காட்டியது 1952இல் கோபன்ஹேகனில் பரவிய போலியோ. பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கழுத்தில் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். வெண்டிலேட்டர்கள் போதாததால் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அங்கேதான். வெண்டிலேட்டரில் நாள் கணக்காகக் கிடப்பவருக்கு வாய் வழிக் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் வைக்கும் வழக்கமும் அதிலிருந்து வளர்ந்தது.

திட்டமிட்டுச் செய்யும்போது தியேட்டரில் எல்லாம் நிதானமாக நடக்கும். தோளுக்கடியில் சிறு தலையணை வைத்துக் கழுத்தை நீட்டி, குறுக்காக ஒரு கீறல். தசைகளைப் பிளக்காமல் நடுக்கோட்டில் விலக்கினால் தைராய்டு சுரப்பியின் நடுப்பாலம் தெரியும். அதை ஒதுக்குவார்கள், அல்லது கட்டி அறுப்பார்கள். மூச்சுக்குழாயின் இரண்டாவது முதல் நான்காவது வளையம் வரையுள்ள பகுதியில்தான் துளை. அதற்கு மேலே போகவே கூடாது என்று அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் வலியுறுத்தினார். 1909இல் அவர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறையைத்தான் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். முதல் வளையத்தையோ அதற்கு மேலுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பையோ வெட்டினால், பின்னாளில் மூச்சுக்குழாய் அங்கே சுருங்கிவிடும்.

அவசரத்தில் இந்த நிதானத்துக்கு இடமில்லை. ரத்தம் குறைவாக வரும் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாகக் கீறி, விரலால் வளையங்களைத் தடவிப் பார்த்து உள்ளே போக வேண்டும். அதற்கும் நேரமில்லாதபோது இன்னொரு வழி உண்டு. கழுத்தில் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே தோலுக்கடியில் மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதில் துளையிட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு, பிறகு முறையான துளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிக்கல்களைப் பற்றிக் கூடுதலாகவே எழுத வேண்டும். நெடுநேரம் மூச்சுத் திணறியவருக்குத் துளை போட்டதும் மூச்சே நின்றுபோவதுண்டு. உடம்பில் தேங்கிய கரியமில வாயு சட்டென்று வெளியேறிவிடுவதால் அப்படி ஆகிறது. அப்போது பை அழுத்திக் கொடுத்தால் மீண்டுவிடுவார். தோலை இறுக்கித் தைத்துவிட்டால் காற்று வெளியே வர வழியின்றித் தோலுக்கடியில் பரவி, கழுத்தும் முகமும் வீங்கும். தொட்டால் நொறநொறவென்று இருக்கும். முதல் வாரத்தில் டியூப் கழன்றால் ஆபத்து மிக அதிகம். பாதை இன்னும் படியாததால் சதை மூடிக்கொள்ளும். பதற்றத்தில் திரும்பச் சொருகும்போது அது மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள சதைக்குள் போய்விடக்கூடும். டியூபின் காற்றுப்பையை அளவுக்கு மீறி ஊதினால் உள்தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். துளை மிகத் தாழ்வாக அமைந்துவிட்டால் அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய் அரிபடும். சில நாள் கழித்து டியூபைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நின்றால்கூட அதை லேசாக விடக்கூடாது. பெரிய ரத்தப்போக்குக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அடிக்கடி நேர்வது சளி உறைந்து டியூப் அடைத்துக்கொள்வது. இதைத் தடுப்பவர்கள் வார்டு சிஸ்டர்களும் வீட்டுப் பெண்களும்தான். மூக்கு செய்யும் ஈரமாக்கும் வேலை டியூப் வைத்தவர்களுக்கு இல்லாமல் போவதால் சளி பசைபோல் இறுகும். இரட்டைக் குழாய் உள்ள டியூபில் உள்குழாயைத் தினம் சில முறை கழற்றி, கொதித்து ஆறிய தண்ணீரில் ஆப்பச் சோடா கலந்து ஊறவைத்து, சிறு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்ட வேண்டும். வெளிக்குழாயைத் தொடக்கூடாது. கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். சக்சன் வைத்தால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் சளியோடு மூச்சுக் காற்றும் உறிஞ்சப்படுகிறது.

நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியவையும் உண்டு. மணல் பறக்கும் கடற்காற்றில் துளையின்மேல் ஈரத்துணி கட்டாமல் வெளியே போகக்கூடாது. கருவேல விறகில் கரிமூட்டம் போடும் இடத்துப் பக்கமே போகக்கூடாது. அமாவாசைக்குச் சேதுக்கரையில் கடலில் முங்கும் வழக்கமுள்ள குடும்பத்தார், டியூபோடு இருப்பவரைக் கரையிலேயே உட்காரவைத்துக் கைகால் மட்டும் நனைத்துவிட வேண்டும். துளை வழியே போகும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். டியூப் வைத்துத் தொழிலுக்குப் படகேறுவதும் வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே செவிலியர் வருகிறார். டியூபோடு வீடு திரும்புவோரின் பெயர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போய்ச் சேர வேண்டும் என்பது என் கோரிக்கை. டிஸ்சார்ஜ் சீட்டில் டியூபின் அளவு, போட்ட தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி மூன்றும் எழுதப்பட வேண்டும். அதே அளவில் ஒன்றும், ஓர் அளவு சிறியதாக ஒன்றும் அந்த வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.