பெரியப்பாவின் பழைய போட்டு

2004இல் போட்டு வாங்கப் போவதாகப் பெரியப்பா சொன்னபோது, பெரியம்மா கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. "நம்ம சனத்துல யாராச்சும் போட்டு வச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்டார். பெரியப்பாவிடம் பதில் இல்லை. "இனிமே ஒருத்தன் வச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னால் நான் ஏறிக்கொண்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது.

பெரியம்மாவின் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கோல சிலாங்கூரில் ஆறும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. ஆற்றோரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருந்தார்கள். பாசிர் பெனாம்பாங்கில் சீனர்களின் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருபவர்களை மலாய்க்காரர்கள் சம்பானில் ஏற்றித் துடுப்பு போடுவார்கள். எங்கள் ஆட்கள் பாலத்தில் நின்று தூண்டில் போடுவார்கள். இவ்வளவு காலம் ஆற்றோடு இருந்த சனம் ஏன் கரையிலேயே நின்றுவிட்டது? வரலாற்றுப் புத்தகங்களை நான் படிக்கத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பா செம்பனை ஆலையில் எஞ்சின் ரூம் ஆள். முப்பது வருடத்துக்கு மேல் டீசல் வாசத்திலேயே இருந்தவர். ஐம்பத்தைந்து வயதில் வேலை முடிந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அவர் பார்த்து வைத்திருந்த போட்டு போர்ட் கிள்ளான் பக்கமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. இருபத்தேழு அடி நீளம், ஃபைபர் உடம்பு, முன்பக்கம் இரண்டு பேர் படுக்கும் அறை, ஒரு சிறிய அடுப்பு, நடுவில் ஒற்றை டீசல் எஞ்சின். வயது இருபதுக்கு மேல். பாசிர் பெனாம்பாங் பக்கம் ஒரு தவுக்கேயின் படகுத்துறைச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. விலை பதினெட்டாயிரம் வெள்ளி.

பழைய போட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடல் வற்றும் நேரம் பார்த்து வந்திருந்தார். தண்ணீர் இறங்கி அடிவயிறு தெரிந்ததும் சுத்தியலின் மரப்பிடியால் அங்குல அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது. பின்பக்கம் ஓரிடத்தில் 'தொப்' என்றது. "இங்க உள்ள தண்ணி பூந்திருக்கு" என்று சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். அடியில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். அவற்றில் ஒன்றைக் கீறி, வழிந்த நீரை முகர்ந்து பார்த்தார். பிறகு தளத்தில் ஏறி வெறுங்காலோடு நடந்தார். கால் அமுங்கும் இடத்தில் அடிமரம் உளுத்திருக்கும். கடைசியாகத்தான் எஞ்சின். முதல்நாளே தவுக்கேயிடம் சொல்லி வைத்திருந்தார்: "நான் வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க." சூடான எஞ்சின் பொய் சொல்லும், குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு. வெள்ளைப் புகை வந்து சற்று நேரத்தில் அடங்கியது. நீலப் புகை இல்லை. நீலம் வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். "உடம்புல நோவு இருக்கு, நெஞ்சு நல்லா இருக்கு" என்றார். தவுக்கே பதினாலாயிரத்துக்கு இறங்கி வந்தார்.

வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பணத்தில் மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று பெரியம்மா நினைத்திருந்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. தோட்டத்து லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். வேலை முடிந்தால் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். வட சிலாங்கூரில் நைஜல் கார்ட்னர், மேரி, மிஞ்ஞாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவை. அதெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியும். "வீடு இல்லாதவனுக்குப் போட்டு எதுக்கு?" என்று கேட்டார். இதற்கும் பெரியப்பாவிடம் பதில் இல்லை.

பெரியப்பாவுக்காக நான் தேடிய பதிலை ஆற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

சாலை வருவதற்கு முன் சிலாங்கூர் ஆறுதான் சாலை. உள்நாட்டு ஈயம் இதன் வழியாகத்தான் கடலுக்கு இறங்கியது. 1784இல் டச்சுக்காரர்கள் புக்கிட் மெலாவத்திக் கோட்டையைப் பிடித்ததும் ஆற்றின் வாயைக் கையில் வைத்திருக்கத்தான். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். ரப்பர் வந்த காலத்திலும் நிலம் தேடி வந்தவர்களின் கண் ஆற்றின்மேல்தான் இருந்தது. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே தன் தோட்டத்தைத் தொடங்கிய ரந்தாவ் பாஞ்சாங் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பிற்பாடு அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. எங்கள் ஆட்களும் அந்த நாவலில் வருகிறார்கள். 1917இல் இந்நாட்டில் வாணிப நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தோட்டமும் அவருடையதுதான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருக்கும் அதன் பெயர் தென்னமரம். செம்பனையின் வரலாறு ஒரு தமிழ்ச் சொல்லில் தொடங்குகிறது. பெயர் எங்களுடையது, நிலம் அவர்களுடையது.

அந்த நிலத்துக்கு எங்களைக் கொண்டுவந்த கப்பலும் எங்களுடையதல்ல. என் தாத்தா வந்தது ரஜுலாவில். 1938இல் இந்திய அரசு கங்காணி வழி ஆள் அனுப்புவதைத் தடை செய்வதற்குச் சற்று முன்பு நாகப்பட்டினத்தில் ஏறியவர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்குத் தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்டவர்களைத் தளத்திலேயே ஏற்றிச்செல்ல அனுமதி இருந்தது. தளம் என்றால் அறை கிடையாது, பாய் விரிக்கும் இடம்தான். 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்படும்வரை அது ஒரே கம்பெனிக்காக 47 ஆண்டுகள் ஓடியது. பராமரித்தால் பழைய கப்பல் எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த 47 ஆண்டுகளும் தாத்தா போன்றவர்கள் அதில் சரக்குக் கணக்கில்தான் இருந்தார்கள்.

வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது இங்கே வெறும் வசதி அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடை என்று பல கோரிக்கைகள். அவற்றுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சைக்கிள் அவன் காசில் வாங்கியது, ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் உரிமை துரையிடம் இருந்தது. மே மாதம் ராணுவம் வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சைக்கிளுக்காகவா செத்தார்கள் என்று ஒருமுறை கல்லூரி நண்பன் கேட்டான். ஆமாம், அதற்காகவும்தான்.

இதே கதை கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. வ.உ.சி.யைப் பற்றிப் பள்ளியில் படிக்கும்போது கப்பலோட்டிய தமிழன் என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கப்பல் வாங்கிய விதம். 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கியபோது அதனிடம் சொந்தக் கப்பல் இல்லை, பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்குதல் கொடுத்ததும் வாடகைக் கப்பல் திரும்பிப் போய்விட்டது. கொழும்பிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சமாளித்தார்கள். இரவல் கப்பலை எவனும் எப்போதும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று புரிந்த பிறகுதான் காலியா, லாவோ என்ற இரண்டையும் விலைக்கு வாங்கினார்கள். அவை 1907இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. லாவோ என்பது ஜாவாவில் உள்ள லாவு மலையை டச்சுக்காரர்கள் எழுதும் முறை. வேறு யாரோ ஓட்டிய கப்பல் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

வாங்கியதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கப்பல் என்பது ஒரு தடவை கொடுக்கும் விலை அல்ல, தினமும் கொடுக்கும் விலை. நிலக்கரி, ஆள் சம்பளம், துறைமுகக் கட்டணம், பழுது. எதிரிக்கு இது தெரியும். அதனால் அவன் கப்பலைத் தாக்கவில்லை, டிக்கெட் விலையைத் தாக்கினான். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் இலவசம் என்றான், கூடவே குடையும் தருகிறேன் என்றான். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து இந்தியக் கப்பல் கழகம் பாஸ்டர் என்ற பிரெஞ்சுக் கப்பலை வாங்கிச் 'சிதம்பரம்' என்று பெயர் வைத்தது. ரஜுலாவுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஊருக்குப் போய்வந்தது அதில்தான். அவர் பெயர் தாங்கிய கப்பலும் வேறொருவர் ஓட்டிய கப்பல்தான்.

பெரியப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் தினமும் கொடுக்கும் விலை என்றால் என்ன என்று தெரியும். போட்டைச் சீர் செய்ய அவர் வைத்திருந்த வரிசை இது: முதலில் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, அடுத்து எஞ்சின், அடுத்து வயரிங், மெத்தையும் பெயின்ட்டும் கடைசி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் யோசனை சொன்னார்கள். ஒருவர் பின்னால் இரண்டு பெரிய அவுட்போர்ட் மாட்டச் சொன்னார், இன்னொருவர் ஏர்கோன் போடச் சொன்னார். பெரியப்பா 'தொப்' என்ற இடத்தை வெட்டி, காயவிட்டு, ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து அடுக்கடுக்காக மூடினார். அதற்கே இரண்டு மாதம் ஆனது. ஈரம் முழுக்கக் காயாமல் மூடினால் நோயை உள்ளே வைத்துத் தைப்பதுபோல என்பார். டீசல் டேங்கின் அடியில் திரண்டிருந்த கறுப்புக் கசடை வழித்தெடுத்தார். எஞ்சினைக் குளிர்விக்க ஆற்று நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இதழ்களைச் சேறு தின்றுவிடும் என்பதால் எப்போதும் மாற்று இதழ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். உப்பு இரும்பை அரிக்காமலிருக்க அடியில் துத்தநாகக் கட்டி கட்டினார். "இது நமக்குப் பதிலா சாவும்" என்றார்.

பணம் கரைந்தது. ஒரு வருடத்தில் வாங்கிய விலைக்கு மேல் போய்விட்டது. பெரியம்மா பேசுவதை நிறுத்தியிருந்தார்.

முதல் பயணத்துக்கு ஏற்றம் பார்த்துக் கிளம்பினோம். பெரியம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துறைவரை வந்தார். பிறகு எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். கடல் பக்கம் போகவில்லை, ஆற்றின் மேல்பக்கம் திருப்பினார் பெரியப்பா. பெரெம்பாங் மரங்களைத் தாண்டி வளைந்து வளைந்து போனோம். ஒரு வளைவில் எஞ்சினைக் குறைத்தார்.

"இது எந்த எடம் சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. மேட்டில் தூண்கள் வைத்த பழைய பங்களா, அதன் முன்னால் தண்ணீர்வரை இறங்கும் படிக்கட்டு, கடைசிப் படியில் பாசி. பெரியம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "அது துரை பங்களாதானே?"

எங்கள் தோட்டம்தான் அது. நாற்பது வருடம் அங்கே வேலை செய்த பெரியம்மா அந்தப் பங்களாவின் முன்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். வாசல் ஆற்றைப் பார்த்து இருந்தது. செம்மண் சாலை, ஆபீஸ், பிரட்டுக்களம், லயங்கள், முனியாண்டி கோயில் என்று நாங்கள் வாழ்ந்த தோட்டம் முழுவதும் அதன் கொல்லைப்புறம். தோட்டத்தின் வாசலில் நிற்கப் படகு வேண்டியிருந்தது. அது எங்களிடம் இல்லை. கரையிலேயே ஏன் நின்றுவிட்டோம் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தப் படிக்கட்டுதான். தண்ணீருக்குப் போகும் வழி பங்களா வழியாக இருந்தது.

பெரியம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கதவு நல்ல தேக்கு மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் போட்டு எட்டு வருடம் ஓடியது. பெரியப்பாவுக்கு முழங்கால் போனதும் 2012இல் விற்றுவிட்டார். வாங்க வந்த பையன் நேராக அறைக்குள் போய் மெத்தையை அழுத்திப் பார்த்தான். பெரியப்பா அவனை வெளியே கூப்பிட்டு, சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்துக் கையில் கொடுத்தார். "மொதல்ல அடியில தட்டிப் பாருப்பா. பின்னால ஒரு எடத்துல நான் ஒட்டு போட்டிருக்கேன், அது எதுன்னு நீயே கண்டுபிடி" என்றார். பையன் இரண்டு சுற்று தட்டிப் பார்த்தான், கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒன்பதாயிரத்துக்குப் போனது. பெரியம்மா அந்தப் பணத்தை எண்ணி வாங்கி, வாடகை வீட்டின் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். போட்டின் பழைய பதிவுத் தாளும் அந்த டிராயரில்தான் இருந்தது. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பணம் செலவாகிவிட்டது. தாளைப் பெரியம்மா இன்னும் வைத்திருக்கிறார்.