அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன நகரத்துக்குக் குடிபோகலாமா?

அமெரிக்காவிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோவும் இல்லை. டென்னசி மாநிலத்தில் சட்டனூகா.

"அது எங்கப்பா இருக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். "வாடகை எவ்வளவு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்த வேலை போனால், அதே ஊரில் எனக்கு இன்னொரு வேலை கிடைக்குமா?"

ஏன் அப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்படிப்பட்ட ஊர் இது?

2020 கணக்கெடுப்பின்படி சட்டனூகாவின் மக்கள்தொகை சுமார் 181,000. நம்ம தெம்பனிஸைவிடக் குறைவு. ஆனால் பரப்பளவு ஏறத்தாழ சிங்கப்பூரில் பாதி. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த ஊர் வாழ்க்கை பாதி புரிந்துவிடும்.

ஒருகாலத்தில் இது ஆலைகள் நிறைந்த ஊர். 1969இல் நாட்டிலேயே ஆக மோசமான காற்று மாசு உள்ள நகரம் என்று பெயர் வாங்கியது. அதன் பிறகு நகரம் தன்னை மாற்றிக்கொண்டது. ஆற்றங்கரையில் 1992இல் டென்னசி மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பழைய வால்நட் ஸ்ட்ரீட் பாலம் நடந்து செல்வோருக்கு மட்டும் என மறுபடி திறக்கப்பட்டது.

என்ன நன்மை?

வீடும் இடமும்: பெரிய நகரங்களில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே முழு வீடே பார்க்கலாம். வாசலில் மரம், பக்கத்தில் மலை, நடுவில் ஆறு. மலையேற்றம் பிடிக்குமா? வார இறுதிக்கு விமான டிக்கெட் தேவையில்லை.

சம்பளம்: டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. மத்திய அரசாங்க வருமான வரி மட்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் இரண்டும் உண்டு.

இணையம்: நகரத்துக்குச் சொந்தமான மின்சார நிறுவனமே இங்கு இணையச் சேவையும் தருகிறது. 2010லேயே நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தன் சேவை வட்டாரம் முழுவதும் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு இது பெரிய வசதி.

வேலை: ஃபோக்ஸ்வேகன் கார் ஆலை 2011இலிருந்து இங்கு இயங்குகிறது. புளூகிராஸ் புளூஷீல்ட் ஆஃப் டென்னசி, யூனம் ஆகிய இரண்டு காப்புறுதி நிறுவனங்களின் தலைமையகமும் இங்கேதான். மருத்துவமனைகள், பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு என்ன?

முதல் செலவு, கார். நகர மையத்தைத் தாண்டினால் பேருந்தை நம்பி வேலைக்குப் போவது சிரமம். பயணிகள் ரயில் கிடையாது. ஊரின் புகழ்பெற்ற பழைய ரயில் நிலையத்தில் இப்போது ஹோட்டல்தான் இருக்கிறது. வாகன உரிமைச் சான்றிதழ் தொல்லை இல்லை, கார் மலிவு என்று சந்தோஷப்படலாம். ஆனால் கடன், காப்புறுதி, பெட்ரோல், பழுது எல்லாம் சேரும். அமெரிக்காவில் உங்களுக்குக் கடன் வரலாறே இருக்காது. அதனால் முதல் கார்க் கடனுக்கு வட்டி கூடுதலாக வரலாம். தம்பதியர் என்றால் பெரும்பாலும் இரண்டு கார்.

இரண்டாவது, விற்பனை வரி. சட்டனூகாவில் கடையில் வாங்கும் பொருளுக்கு 9.25 விழுக்காடு. நம் பொருள், சேவை வரியைவிடச் சற்று அதிகம். மளிகைப் பொருளுக்கு 6.25 விழுக்காடு. விலைச் சீட்டில் இந்த வரி சேர்ந்திருக்காது. பணம் கட்டும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, மத்திய சேமநிதி. வெளிநாட்டு நிறுவனத்திடம் வெளிநாட்டில் வேலை பார்க்கும்போது, அந்த நிறுவனம் உங்கள் மத்திய சேமநிதிக் கணக்கில் பணம் போட வேண்டியதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா எப்படி?

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஒரு தனி வழி உண்டு. அமெரிக்க-சிங்கப்பூர்த் தடையற்ற வர்த்தக உடன்பாடு 2004இல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் எச்-1பி1 விசா ஆண்டுக்கு 5,400 பேருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கு இது பொருந்தும். வழக்கமான எச்-1பி விசாவில் இருக்கும் குலுக்கல் இதில் இல்லை.

மலேசியர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் பெரும்பாலும் எச்-1பி குலுக்கலைத்தான் நம்ப வேண்டும்.

எச்-1பி1 விசாவில் இரண்டு விஷயங்களைக் கவனிங்க. இது தற்காலிக விசா. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். அடுத்து, கூட வரும் கணவரோ மனைவியோ அந்தச் சார்பு விசாவை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ஊர் சிறியது, கார் ஒன்று, வேலை அனுமதி இல்லை. வீட்டில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும்? போவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வேலை போனால்?

இங்கேதான் முதலில் கேட்ட கேள்வி வருகிறது.

டென்னசியில் பொதுவாக முதலாளி முன்னறிவிப்பு இல்லாமல், காரணம் சொல்லாமலேயே வேலையை விட்டு நீக்கலாம். எச்-1பி, எச்-1பி1 விசாவில் இருப்பவருக்கு அதன் பிறகு கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடிந்தால், அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் விசா ஆதரவு தரும் வேறு வேலை கிடைக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும்.

மருத்துவக் காப்புறுதியும் பெரும்பாலும் வேலையோடு ஒட்டியதுதான். வேலை போனபின் அதே காப்புறுதியைச் சில காலம் தொடர வழி உண்டு. ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய நகரத்தில் இருந்தால் அதே துறையில் பல நிறுவனங்கள் இருக்கும். வீடு மாறாமலே வேலை மாறலாம். சின்ன ஊரில் உங்கள் துறைக்கு ஒன்றோ இரண்டோ நிறுவனங்கள்தான் இருக்கக்கூடும். சம்பளம், விசா, காப்புறுதி மூன்றும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. குறைந்த வாடகையின் உண்மையான விலை இதுதான்.

நம்ம ஆட்கள் இருக்காங்களா?

இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அமெரிக்கத் தெற்கில் பல ஊர்களில் மோட்டல் நடத்துவோர் குஜராத்தி வம்சாவளியினர். தமிழ்க் குடும்பங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெரிய கோயிலுக்குப் போக அட்லாண்டா அல்லது நாஷ்வில். இரண்டும் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பொங்கலும் தீபாவளியும் அங்கே விடுமுறை நாள் இல்லை.

ஒரு நல்ல விஷயம்: ஊர் மக்கள் கடையில், லிஃப்ட்டில்கூட நின்று பேசுவார்கள். "எந்தத் தேவாலயத்துக்குப் போறீங்க?" என்ற கேள்வி சீக்கிரமே வரலாம். பெரும்பாலும் அது நட்பாகக் கேட்பதுதான்.

வீட்டுக்குப் பேச நேரம் வசதியாகவே இருக்கும். அங்கே இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் காலை 9 மணி. அவர்களின் குளிர்காலத்தில் 10 மணி. ஆனால் அவசரமாக ஊருக்கு வர வேண்டுமென்றால் ஒரே விமானத்தில் வர முடியாது. சிங்கப்பூரிலிருந்து அட்லாண்டாவுக்கே நேரடிச் சேவை இல்லை.

வானிலையும் பார்க்கணும். கோடையில் நம்மூர் போலவே வெயிலும் புழுக்கமும். வசந்தகாலத்தில் சூறாவளிச் சுழல்காற்று வரக்கூடும். 2020 ஏப்ரல் 12ஆம் தேதி இரவு, நகரின் கிழக்குப் பகுதியை ஒன்று தாக்கியது. உயிர்களும் போயின. வீடு பார்க்கும்போது, காற்று அடித்தால் எங்கே ஒதுங்குவது என்றும் பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலை எழுதி வைங்க:

• என் துறையில் இந்த ஊரிலும், இரண்டு மணி நேரத் தொலைவிலும் எத்தனை நிறுவனங்கள் வெளிநாட்டவரை எடுக்கின்றன?

• கார், காப்புறுதி எல்லாம் கழித்த பிறகு மாதம் எவ்வளவு மிஞ்சும்?

• வேலை இல்லாமல் இரண்டு மாதம் சமாளிக்கவும், ஊர் திரும்பவும் கையில் பணம் இருக்கிறதா?

• கூட வருபவருக்கு அங்கே என்ன வேலை, என்ன வாழ்க்கை?

• குடியிருப்பு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

விசா விதிகள் மாறக்கூடியவை. முடிவெடுக்குமுன் அமெரிக்கத் தூதரக இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் கேள்விக்கு "நாலைந்து நிறுவனங்கள்" என்று பதில் வந்தால், சின்ன ஊர் உங்களுக்கு நல்ல வீட்டையும் நல்ல சேமிப்பையும் தரலாம். "ஒன்றே ஒன்று" என்று வந்தால், போகவே கூடாது என்று அர்த்தம் இல்லை. திரும்பி வரும் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போங்க.