கோட்டிங்கனில் சந்திரசேகர் (1931)

சென்னை மயிலாப்பூரில் வளர்ந்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் (1910–1995), கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1931-ஆம் ஆண்டுக் கோடையை ஜெர்மனியின் பழைய பல்கலைக்கழக நகரமான கோட்டிங்கனில் கழித்தார். அவரது வாழ்க்கை வரலாறுகளில் கப்பல் பயணமும் எடிங்டனுடன் நேர்ந்த மோதலும் நோபல் பரிசும் விரிவாகப் பேசப்படுகின்றன. இந்தக் கோடை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தாயை இழந்த சில வாரங்களில் அந்த இளைஞர் சென்று சேர்ந்த இடம் அது என்பதால், ஒரு வரி போதாது.

சென்னைக்கு வந்த ஜெர்மானியர்கள்

சந்திரசேகர் கோட்டிங்கனுக்குப் போவதற்கு முன்பே ஜெர்மன் இயற்பியல் சென்னைக்கு வந்துவிட்டது. 1928-இல் மியூனிக் பேராசிரியர் அர்னால்டு சோமர்பெல்டு சென்னை வந்தார். அவர் அணுக்கட்டமைப்பு பற்றி எழுதிய நூலை மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் முன்னரே கரைத்துக் குடித்திருந்தார். அந்தத் துணிவில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று நூலாசிரியரே சொல்லிவிட்டார்! ஆனால் மாணவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்களின் இயக்கம் பற்றித் தாம் எழுதிய, அப்போது இன்னும் அச்சில் வெளிவராத கட்டுரையின் படியைக் கொடுத்தார். அதைப் படித்ததன் பயனாகப் பிறந்த சந்திரசேகரின் கட்டுரை, 1929-இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று.

அதே 1929-இல் வெர்னர் ஐசன்பர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வாய்ப்பும் சந்திரசேகருக்கே கிடைத்தது. குவாண்டம் விசையியலுக்கு வழி திறந்த 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஐசன்பர்க் எழுதியது கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னின் உதவியாளராக இருந்த காலத்தில்தான். ஆகவே அந்த நகரத்தின் பெயர் சந்திரசேகருக்கு வெறும் வரைபடப் புள்ளியாக இருந்திருக்க முடியாது.

தாயின் பிரிவு

1930-இல் இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் சீதாலட்சுமி கடும் நோயில் இருந்தார். இந்நிலையில் மகன் கடல் கடக்கலாமா என்று உறவினர் தயங்கினர், சந்திரசேகரும் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் தாயே. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அம்மையார் அவர். 1930 சூலை 31 அன்று சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே 21-இல் தாய் காலமானார். தாய்க்கு இறுதிக்கடன் செய்வது மூத்த மகனின் கடமை என்று கருதும் குடும்ப மரபில், மூத்த மகன் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தார்.

கேம்பிரிட்ஜிலும் அவர் தனியாகவே இருந்தார். வழிகாட்டியான பவுலரைக் காண்பதே அரிது. இந்தச் சூழலில்தான் மாக்ஸ் போர்னின் அழைப்பை ஏற்று அவர் கோட்டிங்கனுக்குப் புறப்பட்டார்.

நகரமும் வேலையும்

லைன ஆற்றங்கரையில் அமைந்த சிறிய நகரம் கோட்டிங்கன். 1737-இல் முறைப்படி திறக்கப்பட்ட பல்கலைக்கழகமே அதன் உயிர். கணித மேதைகளான காஸும் ரீமானும் அங்கே பணிபுரிந்தனர். 1833-இல் காஸும் வெபரும் வீட்டுக் கூரைகளுக்கு மேலாகக் கம்பி இழுத்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு மின்தந்தி அனுப்பிப் பார்த்தது இந்த ஊரில்தான். 1837-இல் அரசியல் சட்டத்தை மன்னர் இரத்து செய்ததை எதிர்த்து ஏழு பேராசிரியர்கள் பதவி இழந்தார்கள். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் அந்த எழுவரில் அடங்குவர். பழைய நகர மண்டபத்தின் முன் 1901-இல் நிறுவப்பட்ட வாத்து மேய்க்கும் சிறுமியின் சிலை நிற்கிறது. முனைவர் பட்டம் பெறுவோர் அச்சிலைக்கு முத்தமிடுவது அங்குள்ள வழக்கம்.

போர்னின் நிறுவனத்தில் சந்திரசேகர் எடுத்துக்கொண்ட பொருள் விண்மீன்களின் ஒளிபுகாமை. விண்மீனின் நடுப்பகுதியில் தோன்றும் ஆற்றல் நேராக வெளியே வந்துவிடுவதில்லை. வழியில் உள்ள அணுக்கள் அதை உறிஞ்சி மீண்டும் வெளியிடுகின்றன. இந்தத் தடை எவ்வளவு என்று தெரிந்தால்தான் விண்மீனின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று கணக்கிட முடியும். அணுக்களின் உறிஞ்சுதிறன், விண்மீன் ஒளிமண்டலத்தின் மாதிரிகள் ஆகியவற்றில் அவர் உழைத்தார்.

அவரது பெயரை நிலைநிறுத்திய வேறொரு கட்டுரை, வெண்குறுமீன்களின் உச்ச நிறை பற்றியது, அதே கோடையில் அமெரிக்க இதழ் ஒன்றில் அச்சாகியது. இரண்டே பக்கம். அதில் தரப்பட்ட எண் சூரிய நிறையைப்போல் 0.91 மடங்கு; பின்னர் திருத்தம் பெற்று அது ஏறத்தாழ 1.4 மடங்கு என நிலைபெற்றது. 1983-இல் நோபல் பரிசு வந்தபோது உலகம் முதலில் நினைவுகூர்ந்தது அந்த எல்லையைத்தான்.

பிந்தைய நிகழ்வுகள்

சந்திரசேகர் கண்ட கோட்டிங்கன் அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1933 ஏப்ரலில் ஹிட்லரின் அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. போர்ன், கூரான்ட், எம்மி நோதர் ஆகியோர் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். ஜேம்ஸ் பிராங்க் தாமே பதவி விலகினார். இரு நூற்றாண்டுகளாகத் திரண்ட அறிவு சில மாதங்களில் சிதறியது. புகலிடம் தேடிய போர்ன், சந்திரசேகரின் சிற்றப்பா சி. வி. இராமனின் அழைப்பின்பேரில் 1935–36-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். அவருக்கு அங்கே நிரந்தரப் பதவி அளிக்க இராமன் எடுத்த முயற்சி எதிர்ப்பினால் கைகூடவில்லை. இந்தியாவுக்கு அது பெரிய இழப்பே. போர்ன் எடின்பரோ சென்றார்; 1954-இல் நோபல் பரிசு பெற்றார்.

சந்திரசேகர் 1932-இல் கோபன்ஹேகனில் போரின் நிறுவனத்துக்குச் சென்றார். 1933-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1936-இல்தான் சென்னை திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பரில், மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதாவை மணந்தார். தாய் இல்லாத மயிலாப்பூர் வீட்டை அவர் முதன்முதலாகக் கண்டதும் அந்தப் பயணத்தில்தான்.